ஆயிரத்து முந்நூற்று முப்பது

கெலுகோர் மேட்டில், மூன்றாம் மாடியில்,
ஏர்கோண்ட் மட்டும் என்னோடு விழித்திருந்த இரவு
இருபத்தொரு பொருள்களைப் பட்டியலில் ஏற்றினேன்.
மஞ்சளின் சாரம், பச்சைத் தேயிலை, மீன் எண்ணெய்,
காப்பியைக் காப்பியாக்கும் அந்தக் கசப்பு,
எந்த மருந்துக்கடையிலும் சீட்டில்லாமல் கிடைக்கும்
வைட்டமின்கள், ஒரு காளான்,
கடைசியாகப் பூனைக்காலி விதை.
தொட்டால் அரிக்கும் கொடி அது.
அதைப் போய் உடைத்து, உள்ளே என்ன என்று பார்த்த
முதல் ஆள் யாரோ.

இரண்டிரண்டாய்ச் சேர்த்தால் இருநூற்றுப் பத்து.
மூன்று மூன்றாய்ச் சேர்த்தால்
ஆயிரத்து முந்நூற்று முப்பது.
ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்க்க
எனக்கு ஏழு ஆயுள் வேண்டும்.
அதனால்தான் கணினி.
தவனேசனுக்கு இருப்பது இந்த ஒன்று,
அதிலும் பதினெட்டு வருடம் மலைப்பாதையில் போனது.

ஜெட்டியிலிருந்து பாலிக் புலாவ் வரை பேருந்து.
தூங்குகிறவர் தலை கண்ணாடியில் இடிக்காமல்
வளைவைத் திருப்பத் தெரிந்த கை
இப்போது சட்டைப் பொத்தானிடம் கெஞ்சுகிறது.
முதலில் வலது கட்டைவிரல்தான்.
சும்மா இருக்கும்போது, சில்லறை எண்ணுவதுபோல.
"எவனோ பழைய கண்டக்டர் உள்ளே ஏறிட்டான்" என்றான்.
சிரித்தேன்.
அவன் இறங்கவே இல்லை.

குறிகாரி கையை நீட்டச் சொல்வாள்.
கணினி கையைக் கேட்பதில்லை.
எங்கோ யாரோ எழுதி வைத்த அளவுகளைத் தின்று
விடியும் முன் வரிசை போட்டுத் தருகிறது:
முதல் இடம் பூனைக்காலி, மஞ்சள், அந்தக் காளான்.
பூஜ்யம் புள்ளி எட்டு ஏழு.
எட்டு ஏழு என்றால் என்ன?
இதுவரை பார்த்தவற்றின் சாயலில் இருக்கிறது,
அவ்வளவுதான். குணமாகும் என்று
அது எந்த இடத்திலும் சொல்லவில்லை.
நான்தான் ஒரு நிமிடம் அப்படிப் படித்தேன்.

வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாத எண் அது.
அவன் மாத்திரையில் உள்ள சரக்குதான் விதையிலும்;
இரண்டும் கூடினால் நடுக்கம் போய்
ஆட்டம் வந்துவிடலாம் என்று டாக்டர் சோங்
ஏற்கெனவே விரலை உயர்த்தியிருக்கிறார்.
ஆனாலும் சொன்னேன். எத்தனை கூட்டு என்று கேட்டான்.
சொன்னேன்.
"ஒண்ணு மூணு மூணு பூஜ்யம். நல்ல நம்பர்லா."
சனிக்கிழமை நாலு நம்பர் கடையில் எழுதிவிட்டு வந்தான்.
ஆறுதல் பரிசுகூட விழவில்லை.

பதினோராம் இடத்தில் காப்பிக் கசப்பு இருந்தது.
அதைக் கேட்டதிலிருந்து கோப்பி ஓ கேட்கும்போதெல்லாம்
"மருந்து ஒண்ணு, சீனி வேணாம்" என்கிறான்.
பாதி தட்டில் சிந்துகிறது.
"மேசைக்கும் வியாதியா இருக்கும்" என்று
டிஷ்யூவை நீட்டுகிறார் கடைக்காரர் ஆ லெக்.

கணிப்புக்கு அடுத்தது ஈ.
நடுக்கம் வரவழைத்த பழ ஈக்கள், குப்பிக்குப் பத்து,
ஒரு குப்பிக்கு வெறும் கூழ், ஒன்றுக்குக் கூட்டு கலந்தது.
குப்பியை ஒரு தட்டு தட்டினால் எல்லாம் அடியில் விழும்.
பத்து விநாடி.
எத்தனை மேலே ஏறுகின்றன என்று எண்ண வேண்டும்.
ஓர் ஆராய்ச்சி மொத்தமும் அவ்வளவுதான்:
விழுந்தது ஏறுகிறதா.

ஞாயிற்றுக்கிழமை அவனும் வந்தான்.
அனுமதி கிடையாது; வாசலில் அண்ணன் துங்கு நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார்.
"நான் தட்டட்டுமா?"
கொடுத்தேன்.
அவன் விரல்களுக்குள் குப்பி நிற்கவில்லை.
ஒரு தட்டு இல்லை, ஓயாத தட்டு.
ஈக்கள் விழுவதும் பாதி ஏறுவதும் மறுபடி விழுவதுமாக
கடிகாரம் பத்தைத் தாண்டியது, இருபதைத் தாண்டியது.
அவன் கண்ணாடிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்
பயணிகளிடம் பேசும் குரலில் சொன்னான்:
"பிடிச்சுக்குங்க. வளைவு வருது."

குறிப்பேட்டில்
'குப்பி நான்கு, செல்லாது' என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு அவன் பெயரை எழுதி,
அடித்து,
'அதிர்வு' என்று போட்டேன்.